வீட்டுக்காரர் இருக்கும் விடுதி

ஜப்பானுக்கு வரும் வெளிநாட்டுப் பயணிகளின் எண்ணிக்கை 2013இல்தான் முதன்முறையாக ஒரு கோடியைத் தாண்டியது. 2024இல் அது 3 கோடியே 68 லட்சத்தையும் தாண்டிவிட்டது. இத்தனை பேருக்கு ஓட்டல்கள் போதாமல், குடியிருப்பு வீடுகளும் விடுதிகளாக மாறின. இது நல்லதா கெட்டதா என்ற வாதம் அங்கே இன்னும் ஓயவில்லை. வீடு விடுதியாவதில் குற்றமில்லை, வீட்டுக்காரர் இல்லாத வீடு விடுதியாவதில்தான் சிக்கல் என்பது என் கருத்து.

ஜப்பானிய வீட்டில் தங்கச் சில பழக்கங்கள் தெரிந்திருக்க வேண்டும். வாசலில் செருப்பைக் கழற்றுவது நமக்குப் புதிதல்ல. குளியல் புதிது. சோப்புப் போட்டு உடம்பைக் கழுவிய பிறகே வெந்நீர்த் தொட்டியில் இறங்க வேண்டும், ஏனென்றால் அதே தண்ணீரில்தான் அடுத்தவரும் இறங்குவார். குப்பையை எரியக்கூடியது, எரியாதது, பாட்டில் என்று பிரித்து, அதற்குரிய கிழமையில் மட்டுமே வெளியே வைக்கலாம். வீடுகள் நெருங்கி நிற்கும் சந்தில் நள்ளிரவில் சக்கரப் பெட்டியை இழுத்துப் போனால் தெருவே விழித்துக்கொள்ளும். பயணிகளில் பெரும்பாலோர் இவற்றை வேண்டுமென்றே மீறுவதில்லை. எடுத்துச் சொல்ல ஆளில்லாததால் மீறுகிறார்கள். உரிமையாளர் சாவியை ஒரு பெட்டியில் வைத்து, விதிகளைச் சுவரில் ஒட்டிவிட்டு வேறு ஊரில் இருந்தால், அவதிப்படுவது பக்கத்து வீட்டுக்காரர்தான்.

2018 ஜூன் 15இல் நடைமுறைக்கு வந்த, வீட்டு விடுதிகளுக்கான சட்டம் இதைப் புரிந்துகொண்டிருக்கிறது. அதன்படி ஒரு வீட்டில் ஆண்டுக்கு 180 நாள்தான் விருந்தினரைத் தங்கவைக்கலாம். சத்தம், குப்பை பற்றி விருந்தினருக்கு விளக்குவதும், அக்கம்பக்கத்தாரின் புகாருக்குப் பதில் சொல்வதும் கடமை. உரிமையாளர் அங்கே குடியிருக்காவிட்டால், பதிவுபெற்ற பராமரிப்பு நிறுவனத்திடம் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும். கியோட்டோ நகரம் இன்னும் கடுமையானது. குடியிருப்புக்கென்றே ஒதுக்கிய பகுதிகளில் ஜனவரி நடுவிலிருந்து மார்ச் நடுவரை மட்டுமே அனுமதி. ஆனால் உரிமையாளர் அதே வீட்டில் குடியிருந்தால் இந்தக் கட்டுப்பாடு இல்லை. இந்த வேறுபாடு நியாயமானது.

வீட்டுக்காரர் குடியிருக்கும் விடுதிக்குக் கிராமப்புறத்தில் நல்ல சான்று நாகானோ மாகாணத்தின் த்சுமாகோ. எடோவையும் (இன்றைய டோக்கியோ) கியோட்டோவையும் இணைத்த பழைய நாகசெண்டோ சாலையில் அது ஒரு தங்கல் ஊர். ரயில் வந்ததும் சாலைப் போக்குவரத்து ஓய்ந்து, ஊரும் தேய்ந்தது. 1960களின் இறுதியில் பழைய மரவீடுகளைப் பழுதுபார்க்கத் தொடங்கினார்கள். 1971இல் ஊர்மக்கள், வீடுகளை விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை என்று சாசனமே எழுதிக்கொண்டார்கள். மின்ஷுகு எனப்படும் குடும்ப விடுதிகள் அங்கே இன்றும் உண்டு. பக்கத்துத் தங்கல் ஊரான மாகோமேயிலிருந்து மலைப்பாதையில் நடந்து வருபவரைக் குடியிருக்கும் குடும்பமே வரவேற்கிறது.

180 நாள் வரம்பு பிழைப்பைக் கெடுக்கும் என்பார்கள். ஆண்டு முழுதும் நடத்த விரும்புபவருக்கு 1948ஆம் ஆண்டின் விடுதித் தொழில் சட்டப்படி உரிமம் பெறும் வழி திறந்தே இருக்கிறது. தீயணைப்பு, சுகாதார விதிகளை நிறைவேற்ற வேண்டும். சிறு விடுதிகளால் கோடிக்கணக்கானோரைத் தாங்க முடியாது என்பது உண்மை. பெருநகரங்களுக்குப் பெரிய ஓட்டல்கள் தேவைதான். ஆனால் 2023 கணக்கெடுப்பில் ஜப்பானில் சுமார் 90 லட்சம் வீடுகள் ஆளில்லாமல் கிடந்தன. அவற்றில் ஒரு சிறு பங்கில் குடும்பங்கள் வந்து வாழ்ந்து விடுதி நடத்தினாலும் பல கிராமங்கள் மூச்சுவிடும். கனமான ஆட்சேபம் வேறொன்று: நடத்துபவர்களுக்கு வயதாகிறது, பிள்ளைகள் நகரத்தில் இருக்கிறார்கள். விடியலில் எழுந்து சமைத்து, மெத்தை விரித்து மடித்து, தொட்டி கழுவும் உழைப்பை எழுபது வயதில் தொடர்வது கடினம். இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டு அறையும் காலை உணவும் மட்டும் தருவது ஒரு வழி. வெளியூர் இளைஞர்களிடம் ஒப்படைப்பது இன்னொரு வழி, அவர்கள் அங்கேயே குடியேறுவதாக இருந்தால்.

நேயர்களில் யாராவது அங்கே போவதாக இருந்தால் ஒரு வேண்டுகோள். சைவமென்றால் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். மிசோ சூப்பின் சாறே பெரும்பாலும் நம் மாசிக் கருவாட்டைப் போன்ற உலர்மீனில் இறக்கியது; கடைசி நேரத்தில் அதை மாற்ற முடியாது. வருவதாகச் சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேருங்கள், தாமதமானால் தொலைபேசியில் தெரிவியுங்கள். சில அறைகளே உள்ள விடுதியில், சொல்லாமல் வராத ஒரு விருந்தினர் அன்றைய வருமானத்தில் பெரும்பங்கை எடுத்துக்கொண்டு போகிறார்.