பாரிச வாயுவும் கடிகாரமும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

பாட்டும் நாடகமும் காத்திருக்கும் மாலையில் வியாதியைப் பற்றிப் பேச வந்தமைக்குப் பொறுத்தருள வேண்டுகிறோம். நாம் மருத்துவம் கற்றவர் அல்லோம். மெட்ரிகுலேஷன் தேறி, இரயில்வேயில் குமாஸ்தாவாகக் கோப்புகளோடு காலம் கழிப்பவர். டாக்டர்களிடம் கேட்டும், நூல்களைப் பார்த்தும் தெளிந்தவற்றையே இங்கே சொல்கிறோம்.

பாரிச வாயு என்றும் பக்கவாதம் என்றும் நாம் சொல்லும் நோயை டாக்டர்கள் 'ஸ்ட்ரோக்' என்பர். 'வாயு' என்ற சொல்லே நம்மை ஏமாற்றிவிட்டது. ஏதோ காற்றுப் பிடித்துக்கொண்டது, எண்ணெய் தேய்த்து உருவினால் இறங்கிவிடும் என்று எண்ணுகிறோம். உண்மையில் கோளாறு கையிலும் காலிலும் இல்லை, தலைக்குள் இருக்கிறது. மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய் அடைபடுகிறது. அல்லது வெடித்து இரத்தம் கசிகிறது. அடைப்பே பெரும்பாலோர்க்கு நேர்வது. மூளையின் இடப்பாகம் கெட்டால் உடம்பின் வலப்பக்கம் விழும். பேச்சின் இருப்பிடமும் பெரும்பாலோர்க்கு அந்த இடப்பாகமே. வலக்கை விழுந்தவருக்குப் பேச்சும் சேர்ந்து போவதற்குக் காரணம் இதுதான். பெரிய குழாய் அடைபட்டால் நிமிடத்திற்குச் சுமார் 19 இலட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன என்று 2006-இல் கணக்கிட்டிருக்கிறார்கள்.

அடைப்பைக் கரைக்க ஊசி மருந்து உண்டு. மூன்று மணி நேரத்துக்குள் அதைப் போட்டால் பயனுண்டு என்று 1995-இல் அமெரிக்காவில் நடந்த சோதனை காட்டியது. 2008-இல் வெளிவந்த ஐரோப்பியச் சோதனையால் அவ்வெல்லை நாலரை மணியாயிற்று. பெரிய குழாய் அடைபட்ட சிலருக்குத் தொடையின் வழியே கம்பி செலுத்திக் கட்டியை இழுத்தெடுப்பதும் இன்று நடக்கிறது. ஆனால், இரத்தம் கசிந்தவருக்கு இந்த ஊசியைப் போட்டால் உயிருக்கே கேடு. ஆகவே முதலில் தலையைச் 'சி.டி. ஸ்கேன்' எடுத்துப் பார்க்க வேண்டும். நாலரை மணி இருக்கிறதே என்று நாலு மணி வரை உட்கார்ந்திருப்பாரும் உளர்! முதல் மணியில் போடும் ஊசியின் பலன் நாலாம் மணியில் இல்லை.

நிற்க. நோயை எவ்வாறு அறிவது? சிரிக்கச் சொல்லுங்கள், வாய் ஒருபக்கம் கோணும். இரு கைகளையும் முன்னே நீட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள். ஒரு கை தானாகத் தாழும். பேசச் சொல்லுங்கள்; நாக்குக் குழறும், அல்லது சொல் மாறிவரும். மூன்றில் ஒன்று திடீரெனத் தோன்றினாலும் போதும். மற்றும், ஒரு கண் சட்டென்று இருளுதல், நடை தள்ளாடுதல், முன் எப்போதும் கண்டிராத தலைவலி ஆகியவையும் அடையாளங்களே.

இவற்றுள் பேச்சைப் பற்றித்தான் டில்லித் தமிழராகிய நாம் தனியே சிந்திக்க வேண்டும். ஜங்புராவில் பாராபுல்லா நாலாக் கரையில் நம் மதராசி கேம்ப் இருந்த நாளில் நடந்தது இது. வீட்டு வேலைக்குச் சென்ற ஓர் அம்மையார் பாத்திரம் துலக்குகையில் ஏதேதோ சொன்னார். அவ்வீட்டார் நல்லவர்கள், ஆயினும், 'இவள் தன் பாஷையில் பேசிக்கொள்கிறாள்' என்றே நினைத்தனர். தற்செயலாக அங்கே வந்த தங்கை மகள், "பெரியம்மா, என்ன சொல்றீங்க?" என்று கேட்டாள். வந்த மறுமொழி தமிழாகவே இல்லை! அவள்தான் கூச்சலிட்டு ஆட்டோவை வரவழைத்தாள். ஒன்றரை மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரி சேர்ந்தார்கள். இன்று அந்த அம்மையாருக்கு விரல்களில் மட்டும் சற்று மரத்த உணர்ச்சி, மற்றபடி நலமே.

சுமதியோ சீதாவோ, வேலைக்கார அம்மாளின் தமிழ் உடைந்திருக்கிறது என்பதை இந்திக்கார எஜமானி எப்படி அறிவாள்? ஆம்புலன்ஸில் வருபவர்தாம் எப்படி அறிவார்? அதைச் சொல்லக்கூடியவர் நாமே. ஊர்ப் பெயரையும் பேரப்பிள்ளைகளின் பெயரையும் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். ஆஸ்பத்திரியில் 'பக்கவாதம்' என்றால் விளங்காது. 'லக்வா' என்று சொல்லுங்கள். 'மயக்கம்' என்றோ 'பலவீனம்' என்றோ சொன்னால் வரிசையில் நிற்க வைத்துவிடுவார்கள். பேச்சு எத்தகைய செல்வம் என்பதை நம் தமிழ்நாடு 1984-இல் கண்டது. அவ்வாண்டு அக்டோபரில் நோயுற்ற எம்.ஜி.ஆர். அவர்களுக்குப் பக்கவாதமும் வந்தது. நியூயார்க்கின் புரூக்ளின் ஆஸ்பத்திரியில் வைத்தியம் பெற்று மீண்டு, மறுபடியும் முதலமைச்சரானார். ஆயினும் கோடிக்கணக்கானோர் காதுகொடுத்துக் கேட்ட அந்தக் குரல் தெளிவு 1987-இல் மறையும் வரை திரும்பவில்லை.

அடுத்தது தொலைவு. கேம்ப் இருந்தபோது எய்ம்ஸும் சப்தர்ஜங் ஆஸ்பத்திரியும் சில கிலோமீட்டரில் இருந்தன. 2025 ஜூன் 1-ஆம் தேதி கேம்ப் இடிக்கப்பட்டது. சுமார் 370 வீடுகளில் 189 குடும்பங்களே நரேலாவில் வீடு பெறத் தகுதியுடையவை என்று கணக்கிட்டார்கள். ஏனையோர் வாடகை இடம் தேடிச் சிதறினர். நரேலாவிலிருந்து எய்ம்ஸ் சுமார் 40 கிலோமீட்டர். காலை நேர நெரிசலில் அந்தப் பாதையைக் கடந்தவருக்கு மேலும் விளக்க வேண்டுவதில்லை. பழகிய ஆஸ்பத்திரி என்று அங்கேயே ஓட நினைத்தால் நாலரை மணியில் பெரும்பகுதி ரோட்டிலேயே கழியும். ஆகவே, நோய் வருமுன்பே ஒரு வேலை செய்ய வேண்டும். குடியிருக்கும் இடத்துக்கு அருகே, இரவிலும் ஸ்கேன் எடுத்து ஊசி போடும் ஆஸ்பத்திரி எது என்று நேரில் போய் விசாரியுங்கள். கட்டிடம் பெரிதாயிருந்தால் போதாது. இரவில் ஸ்கேன் உண்டா என்பதே கேள்வி. ஆம்புலன்ஸுக்கு 102 அல்லது 112. ஊரில் உள்ள உறவினருக்கு 108.

வண்டி வருமுன் செய்யலாகாதவை சில. காபியோ தண்ணீரோ ஊற்றாதீர்கள். விழுங்கும் திறன் குன்றியிருக்கும், நுரையீரலுக்குள் போய்விடும். மாரடைப்புக்குச் சொன்ன ஆஸ்பிரின் மாத்திரையையும் கொடுக்காதீர்கள். அடைப்பா கசிவா என்று நமக்குத் தெரியாது. புறா இரத்தம் தடவும் வைத்தியம் நம் ஊரிலும் உண்டு, டில்லியிலும் உண்டு. தடவுகிற நேரத்தில் மூளை அழிந்துகொண்டிருக்கும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மணியைப் பாருங்கள். விழுந்த மணி மட்டுமன்று. கடைசியாக நன்றாயிருந்ததைக் கண்ட மணி எது என்பதே டாக்டர் கேட்கும் முதற்கேள்வி. உறங்கி எழும்போது கை விழுந்திருந்தால், படுக்கப்போன நேரத்தைச் சொல்ல வேண்டும்.

கை விழுந்து, அரை மணியில் தானே சரியாகிவிடுவதும் உண்டு. குலதெய்வம் காத்தது என்று மகிழ்ந்து மறுநாள் வேலைக்குப் போய்விடுகிறார்கள். தெய்வம் காத்தது உண்மையாகவே இருக்கட்டும். அன்றே டாக்டரிடம் போக வேண்டும். அடுத்த இரண்டொரு நாளில் பெரிய தாக்குதல் வரும் அபாயம் மிகுதி.

இத்தனைக்கும் பெரும்பாலும் வேர், இரத்தக் கொதிப்பு. அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 1945 ஏப்ரல் 12-ஆம் தேதி கடுந் தலைவலி என்று சொல்லிச் சாய்ந்தார்; சில மணியில் மாண்டார். நெடுநாளாக அவருக்கு இரத்தக் கொதிப்பு. உலகையாண்டவருக்கு அன்று கிடைக்காத மாத்திரை இன்று அரசாங்க ஆஸ்பத்திரியில் நமக்குக் கிடைக்கிறது. 140-க்கு 90-ஐத் தாண்டியவர் தலை சுற்றவில்லையே என்று அதை நிறுத்தலாகாது. கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் நமக்குப் பிரியமானவை, உப்பும் அவற்றில்தான். டில்லிக் குளிரில் கொதிப்பு மேலும் ஏறும். மார்கழி தைக்குள் ஒருமுறை அளந்துகொள்ளுங்கள்.

வாயிலில் வெற்றுத் தாள்கள் வைத்திருக்கிறோம். வீட்டுக்கு ஒன்று எடுத்துச் செல்லுங்கள். விசாரித்து வந்த ஆஸ்பத்திரியின் பெயர், ஆம்புலன்ஸ் எண், வீட்டில் இருப்போர் உண்ணும் மாத்திரைகளின் பெயர் ஆகியவற்றைத் தமிழிலும் இந்தியிலும் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள். எழுதத் தெரியாத தாய்மார்கள் நாடகம் முடிந்ததும் மேடைக்கு இடப்புறம் வரலாம்; நாமும் சங்கத்து இளைஞர்களும் எழுதித் தருவோம்.