இணைப்பிடம் யார் பொறுப்பு?



2019 ஜனவரியில் திருச்சியில் தொடங்கிவைக்கப்பட்ட தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, ஓசூர், கோவை, திருச்சியோடு சேலமும் ஒரு முனையம். ஆகவே சேலத்தை அடுத்த அயோத்தியாப்பட்டணத்தில் நின்று ஏவுகணையைப் பற்றிப் பேசினால் அது உள்ளூர்ப் பேச்சுதான்.

1983இல் ஒருங்கிணைந்த ஏவுகணைத் திட்டத்துக்கு மத்திய அரசு 388 கோடி ரூபாய் ஒதுக்கியது. பிருத்வி, திரிசூல், ஆகாஷ், நாக், அக்னி என ஐந்து பெயர்கள். தலைமை அப்துல் கலாம். இவற்றுள் அக்னியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அதன் கீழ்க்கட்டம் எஸ்.எல்.வி.-3 ராக்கெட்டின் திட எரிபொருள் மோட்டார். மேல்கட்டம் பிருத்வியின் திரவ எரிபொருள் எஞ்சின் வழி வந்தது. இரண்டும் தனித்தனியே பறந்து காட்டியவை. இரு அணியினரும் "எங்கள் வேலை சரியாக இருக்கிறது" என்று நெஞ்சு நிமிர்த்திச் சொல்லலாம். ஆனால் கீழே எழும் அதிர்வை மேலே உள்ள கருவி தாங்குமா, ஒன்று கழன்ற நொடியில் மற்றது பற்றிக்கொள்ளுமா? இந்தக் கேள்விகளுக்குத் தனி அணி கிடையாது. அவை அமைப்புப் பொறியியல் தலைவரின் மேசைக்குத்தான் வரும்.

அப்படித் தலைவர் முடிவெடுக்க வேண்டிவந்த ஒரு நாள், 1979 ஆகஸ்ட் 10. எஸ்.எல்.வி.-3 புறப்படச் சில நிமிடங்களே இருக்கும்போது கணினி 'ஹோல்டு' என்றது. கட்டுப்பாட்டு அமைப்பில் கசிவு. கசிந்தது போக மீதி இருப்பு போதும் என்றனர் நிபுணர்கள். கலாம் ஏவச் சொன்னார். இரண்டாம் கட்டம் தடம் மாறி, ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. இதை அவரே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

பத்தாண்டு கழித்து ஒடிசாவின் சாந்திப்பூர் ஏவுதளம். 1989 ஏப்ரல் 20 அன்று அக்னி கிளம்பப் பதினான்கு நொடி இருக்கும்போது கணினி நிறுத்தியது. மே 1 அன்று பத்து நொடி இருக்கும்போது மறுபடியும் நிறுத்தம். பத்திரிகைகள் கேலிச்சித்திரம் போட்டன. இரண்டு முறையும் கணினி சொன்னதை யாரும் மீறவில்லை. மே 22 காலை அக்னி பறந்தது. அந்த வெற்றியைவிட, நாடே பார்த்துக்கொண்டிருக்கும்போது பொறுத்திருந்த அந்த இரண்டு நாட்களையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

இனி நம் பட்டறைகளுக்கு வருகிறேன். திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக்குக்கு உதிரிபாகம் கடைபவருக்கு அது எங்கே மாட்டும், எவ்வளவு அடி தாங்க வேண்டும் என்பதெல்லாம் அத்துபடி. டிராயிங்கில் ஒன்று விடுபட்டாலும் கை திருத்திவிடும். பாதுகாப்பு வேலையில் அந்த வசதி இல்லை. ரகசியம் காக்கப்பட வேண்டியதால், கடைபவருக்குத் தன் பாகம் மட்டுமே தெரியும். அது போய்ச் சேரும் பொருள் தெரியாது. அப்படியானால் அவர் அனுபவம் செய்திருக்கும் திருத்தத்தையும் சேர்த்து டிராயிங்கே சொல்லியாக வேண்டும். ரகசியம் கூடக் கூட, தலைவர் எழுதிக்கொடுக்க வேண்டியதும் கூடுகிறது. என் அனுபவத்தில் இதுவே இத்துறையின் மிகக் கடினமான பகுதி.

எழுதிக்கொடுத்தால் மட்டும் போதாது. டிராயிங் தாளின் வலது கீழ்மூலையில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் திருத்த எண். லேத்துக்கு மேலே எண்ணெய்க் கறையோடு தொங்கும் பழைய தாளைப் பார்த்துக் கடைந்தால் பாகம் அளவு பிசகாமல் வரும்; மைக்ரோமீட்டரும் குறை சொல்லாது; பூட்டும் இடத்தில்தான் சேராது. பழைய தாள் ஒவ்வொன்றையும் திரும்ப வாங்கிக்கொள்வதும் தலைவரின் வேலையே.

இங்கே அமர்ந்திருக்கும் கொள்முதல் பொறியாளர்களிடம் ஒன்று கேட்கிறேன். சாந்திப்பூரில் கணினிக்கு இருந்த உரிமையைச் சேலத்துப் பட்டறைக்காரருக்கும் கொடுங்கள். "இந்த அளவு இடிக்கும் போலிருக்கிறது" என்று அவர் சொன்னால், பதில் வரும்வரை வேலை நிற்கட்டும். அந்தத் தாமதத்துக்கு அபராதம் கிடையாது என்று ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள்.