விதியில் இல்லாத நிறம்
(எளாவூர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பழவேற்காடு ஏரி அரசுடையது. ஆனால் எந்தப் பாட்டில் யார் வலை போடலாம் என்பதைப் பிறப்புதான் சொல்கிறது. இதை அன்றாடம் பார்க்கிற உங்களிடம் ஓர் அமெரிக்கச் சட்டத்தைப் பற்றிப் பேசுவது எனக்கு எளிது.

இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பும் வீரர்களுக்குக் கல்வி உதவி, கடன் உத்தரவாதம் எனப் பலவற்றையும் தர 1944இல் அங்கே சட்டம் வந்தது. அதில் நிறம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆனால் கடன் கொடுப்பவை உள்ளூர் வங்கிகள். 1947இல் மிசிசிப்பி மாநிலத்தின் 13 நகரங்களில் கணக்கெடுத்தார்கள். 3,229 கடன்களில் கறுப்பின வீரர்களுக்குக் கிடைத்தவை இரண்டே இரண்டு.

நம் நாட்டில் கதவையே சாத்தினார்கள். 1818 கோரேகான் போரில் கம்பெனிக்காக உயிர்விட்ட மகர்களின் பெயர்கள் அங்குள்ள நினைவுத்தூணில் இருக்கின்றன. அந்த மகர்களைத்தான் 1890களில், 'போர்க்குடி' அல்ல என்று சொல்லி ராணுவத்தில் சேர்ப்பதை ஆங்கிலேயர் நிறுத்தினர். ஓய்வுபெற்ற ராணுவத்தினரான கோபால் பாபா வலங்கர் 1894இல் அதை எதிர்த்து மனு எழுதினார். பறிபோனது சம்பளம் மட்டுமல்ல. ஓய்வூதியமும் பிள்ளைகளின் படிப்பும்தான். அம்பேத்கரின் தந்தை ராம்ஜி, ராணுவத்தில் சுபேதார். அந்தக் கதவு ஒரு தலைமுறைக்கு முன்பே சாத்தப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இளைஞர்களே, மாவட்டந்தோறும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. உதவித்தொகையும் மறுவேலையும் யார் யாருக்குப் போகின்றன என்று சாதிவாரியாகக் கணக்குக் கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. "விதியில் சாதியே இல்லையே" என்று பதில் வந்தால், மிசிசிப்பி வீரர்களுக்கான விதியிலும் நிறம் இல்லை என்று சொல்லுங்கள்.