பட்டத்தில் சேராத கவிதைகள்



ராஜ் கௌதமன் நினைவாக உரை நிகழ்த்த எங்களை அழைத்தபோது, யார் பேசுவது என்பதில் எங்களுக்குள் பெரிய இழுபறி. எங்களில் பேராசிரியர் யாரும் இல்லை. தமிழில் முதுகலை முடித்தவர்கள் இருக்கிறோம். முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்து பாதியில் நிற்பவர்கள் இருக்கிறோம். பட்டத்தை வாங்கி வைத்துவிட்டுத் துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதுகிறவரும் உண்டு. கடைசியில் எல்லோரும் சேர்ந்து எழுதுவது, ஒருவர் வாசிப்பது என்று முடிவானது. ஆகவே இதில் வரும் ‘நாங்கள்’ மேடை மரியாதைக்காகச் சொல்வது அல்ல.

ராஜ் கௌதமன் 1950இல் புதுப்பட்டியில் பிறந்து, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் படித்து, புதுச்சேரி அரசுக் கல்லூரிகளில் தமிழ் கற்பித்தவர். 2024 நவம்பரில் மறைந்தார். ஆய்வாளர் என்றுதான் பலரும் அவரைச் சொல்வார்கள். எங்களுக்கு அவர் முதலில் ‘சிலுவைராஜ் சரித்திரம்’ எழுதியவர். படித்த தலித் இளைஞன் ஒருவன் பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு வேலைக்கு அலைவதை, தன்னையே கேலி செய்துகொண்டு சொன்ன நாவல் அது. கிறித்தவராகிவிட்ட தலித்துக்குப் பட்டியல் சாதி உரிமை இல்லை என்று 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை சொல்கிறது. சிலுவைராஜ் முட்டிக்கொண்ட அதே இடத்தில்தான் எங்களில் பாதிப் பேர் ஒவ்வோர் உதவித்தொகை விண்ணப்பத்திலும் வந்து நிற்கிறோம்.

முதுகலையும் ஆய்வும் படிக்கிற தலித் பிள்ளைகள் எழுதும் கவிதைக்குக் கல்விக்கூடத்தில் என்ன இடம் என்பதைத்தான் இன்று பேச எடுத்துக்கொண்டோம். நெட் தேர்ச்சி, ஜே.ஆர்.எஃப்., கருத்தரங்கக் கட்டுரை இவையெல்லாம் சாதனைப் பட்டியலில் ஏறும். கவிதை ஏறாது. ஆனால் தலித் கவிதை பற்றி ஆய்வேடு எழுதினால் ஏறும். நம் மொழியை ஆராய்ந்து பட்டம் வாங்கலாம். அந்த மொழியில் எழுதிப் பட்டம் வாங்க முடியாது.

எங்களில் ஒருத்தியின் தாய் உப்பளத்தில் வேலை செய்கிறவர். அவள் முதுகலைத் திட்டக்கட்டுரைக்கு உப்பளத் தொழிலாளர் வழக்குச் சொற்களை எடுத்துக்கொண்டாள். பாத்தி, வாருதல், அம்பாரம் என்று சொற்களை அடுக்கி, கடைசியில் தான் எழுதிய கவிதைகளையும் பின்னிணைப்பாக வைத்தாள். “இது ஆய்வு அல்ல, எடுத்துவிடு” என்றார்கள். எடுத்தாள். அந்தக் கட்டுரைக்கு நல்ல மதிப்பெண் வந்தது. எந்தக் கல்லூரி என்பது இங்கே முக்கியமில்லை. எங்கே போயிருந்தாலும் அநேகமாக இதுதான் நடந்திருக்கும்.

தூத்துக்குடி உப்பளத்தை நாவலாக்கிய ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ எங்களுக்கு மதிப்புள்ள புத்தகம். வெளியிலிருந்து வந்து, பார்த்து, கேட்டு எழுதினார். அந்தக் குடும்பங்களிலிருந்தே பிள்ளைகள் தமிழ்த் துறைக்கு வந்துவிட்ட பிறகும் அவர்கள் அதே புத்தகத்துக்குக் குறிப்பு எழுதிக்கொண்டு இருக்க வேண்டுமா என்பதுதான் எங்கள் கேள்வி.

கவிதையைப் பட்டத்துக்கு ஏற்பது உலகில் நடக்காத காரியம் அல்ல. அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் மார்கரெட் வாக்கர் என்ற கறுப்பினப் பெண் 1940இல் முதுகலைப் பட்டத்துக்குத் தம் கவிதைத் தொகுப்பையே ஆய்வேடாகக் கொடுத்தார். இரண்டு ஆண்டில் அது யேல் பல்கலைக்கழகத்தின் இளங்கவிஞர் பரிசு பெற்றுப் புத்தகமானது. அதற்காக அங்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். ஜேம்ஸ் பால்ட்வினின் இறுதிச் சடங்குக்குப் போய்த் திரும்பிய இளம் கறுப்பின எழுத்தாளர்கள், 1988இல் மாசசூசெட்ஸில் ஒரு வீட்டில் ‘டார்க் ரூம் கலெக்டிவ்’ என்று கூடினார்கள். வகுப்பறைக்குள் கிடைக்காததை வீட்டு முன்னறையில் தேடினார்கள். அந்தக் கூட்டத்தோடு சேர்ந்திருந்த நடாஷா டிரெத்வே 2007இலும், டிரேசி கே. ஸ்மித் 2012இலும் கவிதைக்கான புலிட்சர் பரிசு வாங்கினார்கள். ஓர் எழுத்தாளரின் மரணத்தையொட்டி உருவான கூட்டம் என்பதால் இந்த மேடையில் அதைச் சொல்லத் தோன்றியது.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். அண்ணல் அம்பேத்கர் 1950இல் ஔரங்காபாத்தில் ஒரு கல்லூரி தொடங்கினார். பிறகு அதுதான் மிலிந்த் கல்லூரி. மராத்வாடா கிராமங்களிலிருந்து வந்த பிள்ளைகள் அங்கே படித்ததோடு நில்லாமல் எழுதினார்கள். அங்கே பாடம் நடத்திய கங்காதர் பாந்தாவணே 1960களின் இறுதியில் ‘அஸ்மிதாதர்ஷ்’ இதழைத் தொடங்கினார். மராத்தி தலித் இலக்கியத்துக்கு அந்த வளாகம் ஒரு தாய்வீடு. கல்லூரிப் பக்கமே போகாத நாம்தேவ் தசாலும் அதே காலத்தில்தான் ‘கோல்பிட்டா’வை எழுதினார், 1972இல். பட்டம் இருந்தால்தான் கவிதை வரும் என்று நாங்கள் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் தசால் எழுந்துவந்து எங்களை உதைப்பார்.

கவிதையைக் கற்றுக்கொடுக்க முடியுமா, அது செயற்கை முத்து அல்லவா என்று சில பெரியவர்கள் கேட்கிறார்கள். இந்த ஊரில் நின்று அந்த உவமையைச் சொன்னால் எங்களுக்கும் பதில் உண்டு. இங்கே கடைசியாக அரசு முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். அதன் பிறகு 1973இல் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் இதே தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தை எடுத்துக் காட்டினார்கள். சிப்பிக்குள் ஒரு சிறு மணியை மனிதர் வைக்கிறார். அதைச் சுற்றி அடுக்கடுக்காகப் பூசுவது சிப்பிதான். ஒரு பட்டறை செய்யக்கூடியதும் அந்த மணியை வைப்பதுதான்.

முத்துக்குளித்தவர்கள் பரதவ மக்கள். அவர்கள் வரலாற்றை எங்களுடையது என்று சொல்லிக்கொள்ள எங்களுக்கு உரிமை இல்லை. ஆனால் அதில் ஒரு கணக்கு எங்கள் மனதில் தங்கிவிட்டது. மூச்சடக்கிக் கீழே போனவருக்கு எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு, மீதி சர்க்காருக்கு. ஆய்வேட்டில் எங்கள் பங்கு எவ்வளவு என்று அடிக்கடி கேட்டுக்கொள்கிறோம்.

பாடத்திட்டத்தில் இடம் கிடைத்தாலே வெற்றி என்று இருந்துவிடவும் முடியவில்லை. 2021 ஆகஸ்டில் டில்லிப் பல்கலைக்கழகம் தன் ஆங்கில இலக்கியப் பாடத்திலிருந்து பாமா, சுகிர்தராணி இருவரின் எழுத்தையும் எடுத்துவிட்டது. பாமா, ராஜ் கௌதமனின் தங்கை. அரசுப் பள்ளித் தமிழாசிரியையான சுகிர்தராணி 2023 பிப்ரவரியில் ஓர் ஆங்கில நாளிதழ் கொடுக்க முன்வந்த தேவி விருதை, அதானி குழுமம் அதன் புரவலர் என்று அறிந்து வேண்டாம் என்றார். எங்கள் சாதனைப் பட்டியலில் ஜே.ஆர்.எஃப். வரிசைக்கு மேலே இந்த மறுப்பை எழுதி வைத்திருக்கிறோம்.

எங்கள் கூடுகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாதம் ஒரு ஞாயிறு, ஒரு தோழரின் மாடியில். குறை நிறைய. ஒருவர் அழுதுகொண்டே வாசித்தால் அந்தக் கவிதையில் குற்றம் சொல்ல எங்களுக்கு வாய் வருவதில்லை. முழக்கத்தைக் கவிதை என்று கைதட்டி அனுப்பியிருக்கிறோம். பெண்கள் வாசித்து முடிக்கும் முன்பே ஆண்கள் விளக்கம் சொல்லத் தொடங்கிய நாட்களும் உண்டு. வாசித்தவர் பேசச் சொன்ன பிறகே மற்றவர் பேசலாம் என்று இப்போது ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறோம். அதை மீறுகிறவர் டீக்குக் காசு கொடுக்க வேண்டும். இதுவரை கொடுத்தவர்கள் எல்லோரும் ஆண்கள்.

இந்த அவையில் தமிழ்த் துறை ஆசிரியர்கள் சிலர் இருக்கிறீர்கள். முதுகலைத் திட்டக்கட்டுரைக்குப் பதிலாக ஒரு மாணவர் தம் படைப்பையும், அதை எப்படி எழுதினார் என்ற ஒரு கட்டுரையையும் கொடுக்கலாம் என்று உங்கள் பாடத்திட்டக் குழுவில் ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள். மதிப்பிடுவது கடினம் என்பீர்கள். நாங்கள் மாதந்தோறும் மாடியில் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம், கடினம்தான்.

பின்னிணைப்பை எடுத்துவிட்ட அந்தத் தோழி போன மாதம் கூடுகைக்குத் தன் அம்மாவையும் அழைத்து வந்தாள். உப்பைப் பற்றிய கவிதை ஒன்றை வாசித்தாள். அதில் ‘வெண்மை’ என்று ஒரு சொல். அம்மா கட்டுப்பாட்டுக்கெல்லாம் காத்திருக்கவில்லை. “வெள்ளையாவா தெரியும்? உச்சி வெயில்ல பாத்தியில நின்னு பாரு. கண்ணத் தொறக்க முடியாது, ஒண்ணுந் தெரியாது” என்றார். அவள் அங்கேயே அந்த வரியை அடித்துவிட்டாள். அதற்குப் பதில் வரி இன்னும் கிடைக்கவில்லை. இந்த மாதமும் வாசிப்பதாகச் சொல்லியிருக்கிறாள்.