காசு நம்முடையது, போன் யாருடையது?



கோவையின் பீளமேட்டிலும் கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் மோட்டாரைப் பிரித்துப் போட்டே பிழைத்த கூட்டம் இது. அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். 2025 ஆகஸ்ட் கடைசியில் கூகுள் ஓர் அறிவிப்பு விட்டது. ஆண்ட்ராய்டு போனில் ஏற்றும் செயலியைச் செய்தவர் யாராக இருந்தாலும், தம் பெயர் விவரங்களை அவர்களிடம் பதிந்திருக்க வேண்டுமாம். பிளே ஸ்டோர் செயலிக்கு மட்டுமல்ல, நான் உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிற செயலிக்கும்! 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து. 2027 முதல் மற்ற நாடுகள். அந்த வரிசையில் நாமும் நிற்கிறோம்.

இந்தப் போனைக் காசு கொடுத்து வாங்கியது யாருங்க? மாதத் தவணை கட்டியது யாருங்க? வீட்டை விற்றுவிட்டுச் சாவியைத் தன் இடுப்பிலேயே செருகிக்கொள்கிறவனை நம் ஊரில் என்னவென்று சொல்வோம்?

எங்கள் பக்கத்தில் ஒரு வைண்டிங் கடைத் தம்பி இருக்கிறான். எரிந்துபோன மோட்டார் வந்தால் பழைய சுருளை வெட்டியெடுத்து, ஸ்லாட்டை எண்ணி, கம்பியின் கேஜ் பார்த்து, சுற்றுக் கணக்கை எண்ணெய்க் கறை படிந்த நோட்டில் குறித்து வைப்பான். அந்த நோட்டையே செயலியாக்கிவிட்டான்! எத்தனை எச்பி, எத்தனை ஸ்லாட் என்று தட்டினால் போதும், கேஜும் சுற்றும் வந்து நிற்கிறது. தெருவிலிருக்கிற கடைக்கெல்லாம் சும்மா அனுப்பினான். "ஏனுங்ணா, பக்கத்துக் கடைக்காரருக்குக் கொடுக்கறதுக்கு நான் எதுக்குங்ணா அமெரிக்காக்காரன்கிட்ட அடையாள அட்டை காட்டோணும்?" என்று கேட்கிறான். சின்ன ஆட்களுக்குத் தனிக் கணக்கு உண்டு என்கிறார்கள். அதிலும் எத்தனை போனுக்குத் தரலாம் என்று அவர்களே எண்ணிக் கொடுப்பார்களாம்.

வாங்கியதைப் பிரித்துப் பார்க்க நம் ஊரில் யார் அனுமதி கேட்டார்கள்? நம் கலங்கலில் பிறந்த கண்டுபிடிப்பாளர் ஜி.டி. நாயுடு, வெள்ளைக்கார அதிகாரி ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்து அசந்துபோனார். ஓட்டலில் சர்வராக நின்று காசு சேர்த்து வண்டியை விலைக்கு வாங்கினார். வாங்கியவர் ஊர் சுற்றினாரா? நட்டு நட்டாகப் பிரித்துப் போட்டார்! அப்படிப் பிரித்துப் படித்தவரின் ஊரில்தான் 1937-ல் இந்தியாவிலேயே செய்த முதல் மின்மோட்டார் பிறந்தது. கம்பெனி சரிபார்த்த ஆள் மட்டும்தான் ஸ்பேனர் தொடலாம் என்று அன்றைக்கு ஒரு சட்டம் இருந்திருந்தால், இந்த மேடை ஏது, இந்தப் பட்டறைகள் ஏது?

'ஜனங்களுக்கு விவரம் பத்தாது, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்'. கூகுள் தரப்பு வாதம் மொத்தமும் இவ்வளவுதான்.

மோசடியைத் தடுக்கத்தான் இது என்கிறார்கள். மோசடி இல்லையென்று நான் சொல்லவில்லை. போக்குவரத்து அபராதம் என்றும் கல்யாணப் பத்திரிகை என்றும் ஏபிகே என்ற செயலிக் கோப்பு வருகிறது. தொட்டால் ஓடிபி திருடன் கைக்குப் போகிறது. அவனைப் பிடி! கெட்ட செயலியைக் கண்டால் எச்சரி, தடு! அதற்குத்தான் கூகுளின் பிளே புரொடெக்ட் என்ற காவல் ஏற்கனவே போனுக்குள் இருக்கிறதே! திருடனைப் பிடிக்க என் வைண்டிங் தம்பியின் அட்டை எதற்கு?

காவல் காக்கிறேன் என்பவர்களின் சொந்தக் கடை லட்சணத்தையும் கேளுங்கள். 2022 செப்டம்பர் முதல் 2023 ஆகஸ்ட் வரை பிளே ஸ்டோரிலிருந்து 2,200-க்கும் மேற்பட்ட கடன் செயலிகளை நீக்கினார்கள். நாடாளுமன்றத்தில் ஒன்றிய அரசே சொன்ன கணக்கு இது. அத்தனையும் கடைக்குள் வந்து உட்கார்ந்தது எப்படி? ஆன்லைன் ரம்மியில் கடன்பட்டு உயிரை விட்டவர்களின் வீடுகள் தமிழ்நாட்டில் அழுதுகொண்டிருந்தன. அதே 2022 செப்டம்பரில், இந்தியாவில் ரம்மி செயலிகளைச் சோதனை முறையில் பிளே ஸ்டோருக்குள் விட்டது கூகுள். தாலியறுத்த பெண்களின் முகத்தைப் பார்த்து 'பாதுகாப்பு' என்று சொல்ல இவர்களுக்கு வாய் வருமா? எனக்கு வயிறு எரிகிறது ஐயா!

2024 மார்ச்சில் கட்டணத் தகராறில், சென்னையில் வளர்ந்த பாரத் மேட்ரிமோனியையே கடையைவிட்டு வெளியே தள்ளினார்கள். ஒன்றிய அரசு தலையிட்ட பிறகுதான் திரும்ப வந்தது. ஊருக்கே பெண் பார்த்துக் கொடுத்த கம்பெனிக்கு இந்தக் கதி. வெளியே இன்னொரு வழி இருப்பது அவசியமா இல்லையா?

2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது. கடைக்கு வெளியே செயலி தருவதைத் தடுக்காதே என்றும் உத்தரவிட்டது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை வைத்துக்கொண்டு அந்த உத்தரவை எடுத்துவிட்டது. நமக்கு வேண்டியிருந்த அந்த ஒன்றையே எடுத்துவிட்டார்கள்!

எதிர்த்தால் நடக்குமா என்று கேட்காதீர்கள். 2025 நவம்பர் கடைசியில் எல்லாப் போனிலும் சஞ்சார் சாத்தி என்ற தன் செயலி கட்டாயம் என்றது ஒன்றிய அரசு. நாடே சத்தம் போட்டது, சில நாளில் பின்வாங்கினார்கள். கூகுளும் முதல் எதிர்ப்பிலேயே, அனுபவசாலிகளுக்கு மட்டும் தனி வழி விடுகிறோம் என்று இறங்கிவந்தது. அந்த வழி எப்படியிருக்கும் என்று முடிவு செய்வதும் கூகுளேதான்! அது போதாது.

கீழே மேசையில் போட்டி ஆணையத்துக்கு மனு வைத்திருக்கிறோம். எடுத்த உத்தரவைத் திரும்பப் போடு, அனுமதி கேட்காமல் செயலி ஏற்றும் உரிமையைப் போனின் சொந்தக்காரரிடம் விடு. கேட்பது இந்த இரண்டுதான். தமிழிலேயே கையெழுத்துப் போடுங்கள், கூடவே பட்டறைப் பெயரையும் எழுதுங்கள்.