கறி வேண்டாம் என்ற பெண்ணுக்கு ரத்தம் ஊற



இன்றைக்கு உரத்தைப் பற்றியோ பூச்சிமருந்தைப் பற்றியோ நான் பேசப் போவதில்லை. நம் வீட்டில் வளர்கிற பெண்பிள்ளையின் ரத்தத்தைப் பற்றிப் பேசப் போகிறேன்.

கோவில்பட்டிப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு வீடு. எட்டாம் வகுப்பு படித்த பெண் ஒரு ஆட்டுக்குட்டியைத் தூக்கி வளர்த்தாள். கோயில் கொடைக்கு அதை வெட்டினார்கள். அன்றோடு அவள் கறியைத் தொடுவதில்லை. ஈரல், சுவரொட்டி, ரத்தப் பொரியல் எதுவும் கிடையாது. "பசிச்சா தானாத் திம்பா" என்று அப்பா விட்டுவிட்டார். அம்மா அடித்தும் பார்த்தாள். பத்தாம் வகுப்பில் ஒரு நாள், காலைப் பிரார்த்தனையில் நின்றவள் மயங்கி விழுந்தாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பார்த்தால் ஹீமோகுளோபின் 8.6. அந்த வயதுப் பெண்ணுக்கு அது 12க்குக் குறையக் கூடாது.

கறி தின்னாததுதான் காரணம் என்று வீட்டில் சொன்னார்கள். அது பாதி உண்மைதான். 2019-21ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு ரத்தசோகை. இத்தனை பேரும் கறியை வெறுத்தவர்களா என்ன? வளர்கிற வயது, மாதாமாதம் போகிற ரத்தம், தட்டில் வெறும் அரிசிச் சோறு, இதுதான் விஷயம். 13 முதல் 15 வயதுப் பையனுக்கு ஒரு நாளைக்கு 22 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும், பெண்ணுக்கு 30. நாம் பையனுக்குத்தான் ஒரு கரண்டி கூடப் போடுகிறோம்!

கறியில் உள்ள இரும்பு சுலபமாக உடம்பில் சேரும். தானியத்திலும் கீரையிலும் உள்ளது கொஞ்சம்தான் சேரும். மழை எவ்வளவு பெய்தது என்பதைவிட, நிலத்துக்குள் எவ்வளவு இறங்கியது என்பதுதானே நமக்குக் கணக்கு? அது போலத்தான் இதுவும். ஆகவே பிள்ளையை அடித்துக் கறி ஊட்ட வேண்டியதில்லை. தின்பதை உள்ளே இறங்க வைத்தால் போதும்.

நூறு கிராம் கம்பில் சுமார் 6 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. தீட்டிய அரிசியில் ஒன்றுகூட இல்லை. கரிசல் காட்டில் விளைந்த கம்பையெல்லாம் விற்றுவிட்டு நாம் அரிசி வாங்குகிறோம். வீட்டுக்கு ஒரு மூட்டை நிறுத்தி வையுங்கள். இரவில் கரைத்துப் புளிக்க வைக்கும் கூழில் இரும்பு இன்னும் நன்றாகச் சேரும். கொள்ளு, பயறு வகைகளை முளைகட்டிப் போட்டாலும் அப்படித்தான். எள்ளும் நல்லது. பீட்ரூட் சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்பார்கள். அந்தச் சிவப்பு சாயம்தான், இரும்பு அல்ல.

கீரையையோ சுண்டலையோ அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு எலுமிச்சம்பழம் பிழியுங்கள். கொதிக்கும்போது பிழிந்தால் அதன் சத்து வீணாகும். சாப்பாட்டோடு ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ கொடுத்தாலும் சரி. சாப்பிட்ட கையோடு டீ குடிக்கும் பழக்கத்தை மட்டும் விட வேண்டும். டீயும் காபியும் இரும்பை உடம்பில் சேரவிடாது. முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். புளிக்குழம்பை இரும்புச் சட்டியில் வைத்தால், சட்டியிலிருந்தும் கொஞ்சம் இறங்கும். கறிதான் ஆகாது, மீன், கருவாடு தின்பேன் என்கிற பிள்ளையானால் தாராளமாகக் கொடுக்கலாம்.

இன்னொரு திருடன் கொக்கிப்புழு. வெறுங்காலோடு கொல்லைக்கும் தோட்டத்துக்கும் போகிற பிள்ளையின் பாதத்தில் துளைத்து ஏறி, குடலில் ஒட்டி ரத்தம் குடிக்கும். செருப்பு வாங்கிக் கொடுங்கள். பள்ளியில் தரும் பூச்சி மாத்திரையைத் தவறவிடாதீர்கள்.

வாரம் ஒரு நீல மாத்திரையும் கொடுக்கிறார்கள். "வயித்தைப் புரட்டுது, வெளிக்குக் கறுப்பாப் போகுது" என்று பிள்ளைகள் வேலிக்கு வெளியே எறிவதைப் பார்த்திருக்கிறேன். கறுப்பாகப் போவது இரும்பினால்தான், பயப்பட வேண்டாம். சாப்பிட்ட பிறகு தண்ணீரில் விழுங்கினால் புரட்டல் குறையும். பாலோடும் டீயோடும் வேண்டாம்.

கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். உள்ளே வெளுத்திருந்தாலோ, படியேறினால் மூச்சு வாங்கினாலோ, பச்சரிசி, மண், பல்பம் தின்கிற ஆசை வந்தாலோ உடனே ரத்தம் பாருங்கள். ஏற்கெனவே சோகை வந்துவிட்ட பிள்ளைக்குச் சாப்பாடு மட்டும் போதாது. டாக்டர் சொன்னபடி தினமும் மாத்திரை வேண்டும். ரத்தம் ஏறிய பிறகும் சில மாதம் தொடர வேண்டும். விதைநெல் சேர்ப்பது மாதிரி உடம்பும் கொஞ்சம் சேமித்துக்கொள்ள வேண்டுமே.

அந்தப் பெண்ணுக்கு மூன்று மாதத்தில் 11.4 ஆயிற்று. மாத்திரையை இன்னும் நிறுத்தவில்லை. கறியும் தொடவில்லை. அப்பா ஆட்டுக்கு ஒடித்துப் போடும் முருங்கைக் கொப்பில், கொழுந்தை அவள்தான் முதலில் உருவி எடுக்கிறாளாம்.