கல்நெய்யும் கப்பல்துறையும்



ஒரே பொருளை நம்பி வாழும் நாடு ஒற்றைத் தூணின்மேல் நிற்கும் வீடு. அரபு நாடுகள் பலவற்றுக்குக் கல்நெய்யே அத் தூண். அது வற்றினால் என் செய்வது என்னும் வினாவுக்குத் துபாய் கண்ட விடை சரக்குப் போக்குவரவு. பண்டங்களை ஏற்றல், இறக்கல், காத்துவைத்தல், கணக்கிடல், உரியவர்பாற் சேர்த்தல் ஆகிய அனைத்தையும் இச்சொல்லுள் அடக்கியே பேசுகின்றேன்.

அவ்வூரார் ஒருமுறை வீழ்ந்து எழுந்தவர்கள். முத்துக்குளிப்பே அவர்தம் பிழைப்பாக இருந்தது. 1930களில் உலக வணிகம் சரிந்தது, சப்பானியரின் வளர்ப்பு முத்தும் சந்தையை நிரப்பியது, படகுகள் கரையேறின. ஒன்றையே நம்பியிருத்தலின் கேட்டை அவர்கள் ஏட்டிற் படித்தல்லர், பசித்த வயிற்றால் அறிந்தனர்.

அடுத்து நடந்ததைத்தான் நாம் ஊன்றி எண்ணுதல் வேண்டும். ஊர் நடுவே புகும் உப்பங்கழி மணல் மேவித் தூர்ந்து வந்தது. ஆட்சித் தலைவர் இராசீது, குவைத்திடம் கடன் பெற்றும் வணிகரிடம் கடன்முறி விற்றும், 1959ஆம் ஆண்டளவில் அதனைத் தூர்வாரத் தொடங்கினார். அங்குக் கல்நெய் கண்டறியப்பெற்றதோ 1966இல்! செல்வம் வந்தபின் துறை அமைத்தாரல்லர், துறையமைக்கவே கடன்பட்டார். அண்டையிலுள்ள சார்சாவின் கழியும் அந்நாளில் தூர்ந்தது. அங்கே பணி பிந்தியது. வணிகம் துபாய்க்குப் பெயர்ந்தது.

1972இல் இராசீது துறைமுகம் திறக்கப்பெற்றது. முதலில் நான்கு கப்பல்களுக்கென வரைந்து, பணி முடியுமுன்னரே பதினாறாக விரித்தனர். 1979இல், நகருக்கு 35 கிலோமீட்டர் அப்பால், வெறும் மணல்வெளியைத் தோண்டிச் செபல் அலி துறைமுகத்தை அமைத்தனர். இத்துணைப் பெருந்துறை எதற்கென ஐயுற்றோர் பலர். அவர் ஐயம் பொருளற்றதுமன்று. துறை இருந்தால் மட்டும் கப்பல் வந்துவிடாது. கப்பல் காத்துக் கிடக்கும் ஒவ்வொரு நாளின் செலவும் பண்டத்தின் விலையில் ஏறும். சுங்கத்தில் முடங்கும் ஒவ்வோர் ஓலையும் வணிகனை வேற்றுத் துறைக்கு விரட்டும். இதனையுணர்ந்தே 1985இல் துறைமுகத்தையொட்டித் தீர்வையில்லா வணிக வளாகம் அமைத்தனர். அயலார் தம் நிறுவனத்தை முழு உரிமையோடு அங்கு நடத்தலாம். அதே ஆண்டில், பாக்கித்தானிடமிருந்து வாடகைக்குப் பெற்ற இரண்டே வானூர்திகளோடு தம் வானூர்தி நிறுவனத்தையும் தொடங்கினர். கப்பலில் வந்திறங்கிய பண்டம் வானூர்தியில் ஏறும் வழியும் பிறந்தது.

1991இல் நாளொன்றுக்கு ஏறத்தாழ நான்கு இலக்கம் பீப்பாய் என உச்சந்தொட்ட துபாயின் கல்நெய் அதன்பின் குறைந்துகொண்டே வந்தது, ஊர் வீழவில்லை. 2024இல் செபல் அலி கையாண்டது 1 கோடியே 55 இலக்கம் பெட்டக அளவு. சௌதி அரபு நாடும் தன் பொருளியலில் இத்துறையின் பங்கை 2030க்குள் நூற்றுக்கு ஆறிலிருந்து பத்தாக உயர்த்த 2021இல் திட்டம் வகுத்தது.

குறையே இல்லையெனச் சொல்ல வரவில்லை. கடன் வாங்கி வளர்ந்த ஊர் கடனாலேயே இடறவும் செய்தது. 2009இல் அவ்வரசின் பெருநிறுவனம் தவணை கேட்டு நின்றபோது, கல்நெய் வளங்கொண்ட அபுதாபியே ஆயிரம் கோடி தாலர் தந்து தாங்கியது! சுமை தூக்கும் தோள்களோ பெரும்பாலும் அயலாருடையவை; நம் கடலோர ஊர்களிலிருந்து சென்றாரும் அவருள் உளர். அவர்தம் கூலியையும் உறைவிடத்தையும் பேசாமல் அவ்வூரின் உயர்வை மட்டும் பாடுதல் நேர்மையாகாது.

இன்னுமொரு செய்தியும் உண்டு. துபாய் அரசின் துறைமுக நிறுவனம், ஆங்கிலேயரின் பழம்பெரும் கப்பல் நிறுவனமொன்றை 2006இல் விலைக்கு வாங்கியது. அதன்வழியே நம் சென்னைத் துறைமுகத்தின் பெட்டக முனையமொன்றும் அவர்தம் பொறுப்பிற் சென்றது. அறுபதாண்டுகளுக்கு முன் கழியில் மண் வாரிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். கொற்கையும் புகாரும் கண்டவர்கள் நாம்.